நீதிபதிகள் எழுந்துபோன டிசம்பர்: ஆக்கிரமிக்கப்பட்ட நாட்டில் சட்டம் யாருடையது?

நிலத் தகராறு பார்த்த எவருக்கும் ஒரு வேறுபாடு தெரிந்திருக்கும். நிலம் ஒருவருடைய அனுபவத்தில் இருக்கலாம். பட்டா இன்னொருவர் பெயரில் இருக்கலாம். வேலி போட்டு, கிணறு வெட்டி, காவலுக்கு ஆள் வைத்துவிட்டாலும் பட்டாவில் பெயர் தானாக மாறிவிடாது.

ஒரு நாட்டை இன்னொரு நாட்டின் படை பிடித்துக்கொள்ளும்போதும் சர்வதேசச் சட்டம் ஏறக்குறைய இதைத்தான் சொல்கிறது. படை வந்து உட்கார்ந்திருப்பது அனுபவம் மட்டுமே. நாட்டின் இறையாண்மை, அதாவது பட்டா, பழைய இடத்திலேயே இருக்கிறது. ஆக்கிரமிப்பு தற்காலிகமானது என்பதுதான் இந்தச் சட்டத்தின் அடிப்படை எண்ணம்.

இது எழுத்திலும் இருக்கிறது. 1907-ம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையோடு இணைந்த போர் விதிகளில் 43-வது பிரிவு, ஆக்கிரமித்த படை பொது ஒழுங்கைக் காக்க வேண்டும் என்கிறது. அறவே முடியாத நிலை வந்தாலொழிய, அந்நாட்டில் ஏற்கெனவே உள்ள சட்டங்களை மதித்து நடக்க வேண்டும் என்றும் சொல்கிறது. 45-வது பிரிவு, அங்குள்ள மக்களைத் தனக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்கும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. இந்த உடன்படிக்கையை ஜெர்மனியும் ஏற்றிருந்தது, நார்வேயும் ஏற்றிருந்தது.

சரி, துப்பாக்கி வைத்திருப்பவன் இந்தப் பிரிவுகளை மீறினால் என்ன செய்வது? கையில் சட்டப் புத்தகம் மட்டுமே வைத்திருக்கும் ஒரு நீதிபதியால் என்ன செய்ய முடியும்? இதற்கு விடை தேட எனக்குத் தெரிந்து மிகச் சிறந்த இடம் 1940-ன் நார்வே. அங்கே நாம் பின்தொடர வேண்டிய மனிதர் போல் பெர்க்: சட்ட அறிஞர், அரசியல்வாதி, உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி, கடைசியில் தலைமறைவு இயக்கத்தின் தலைவர்.

வடகோடியிலிருந்து வந்தவர்

பெர்க் பிறந்தது 1873 ஜனவரி 18-ல், நார்வேயின் வடகோடியில் உள்ள ஹம்மர்ஃபெஸ்டில். சட்டம் படித்தார். தொழிலாளர் சட்டம் அவருடைய தனித்துறை. 1916-ல் நார்வேயில் தொழிலாளர் நீதிமன்றம் தொடங்கியபோது அதன் முதல் தலைவர் அவர்தான். வென்ஸ்ட்ரே என்னும் தாராளவாதக் கட்சியைச் சேர்ந்தவர். 1919-20-ல் சமூக நல அமைச்சராகவும், 1924 முதல் 1926 வரை நீதி அமைச்சராகவும் இருந்தார். 1929-ல் தலைமை நீதிபதி ஆனார்.

தொழிலாளர் சட்டம் என்பதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். முதலாளி ஒருபுறம், தொழிற்சங்கம் மறுபுறம், நடுவே மேசை. இரண்டு தரப்பையும் எழுந்து போகவிடாமல் உட்கார வைப்பதுதான் அந்தத் துறையின் கலை. பேசினால் வழி பிறக்கும் என்று வாழ்நாள் முழுக்க நம்பிப் பழகிய மனிதர் ஒருவர் நாஜிகளைச் சந்திக்கப் போகிறார் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், 1940 ஏப்ரலில் அவர் செய்ததும் விளங்கும், டிசம்பரில் செய்ததன் கனமும் விளங்கும்.

ஏப்ரலின் சமரசம்

1940 ஏப்ரல் 9 விடியற்காலையில் ஜெர்மன் படைகள் நார்வேக்குள் நுழைந்தன. தலைநகர் ஆஸ்லோவுக்குப் போகும் நீர்வழியில் ஆஸ்கார்ஸ்போர்க் கோட்டையின் பழைய பீரங்கிகளும் டார்பிடோக்களும் 'ப்ளூஹர்' என்ற ஜெர்மன் போர்க்கப்பலை மூழ்கடித்தன. அதனால் கிடைத்த சில மணி நேரம் நாட்டின் விதியை மாற்றியது. அரசர் ஏழாம் ஹாக்கூன், அமைச்சரவை, ஸ்டோர்டிங் எனப்படும் நாடாளுமன்றத்தின் உறுப்பினர்கள் எல்லோரும் ரயிலேறி வடக்கே தப்பினார்கள். அன்றிரவு எல்வெரும் என்ற ஊரில் கூடிய நாடாளுமன்றம், நாட்டின் நலனைக் காக்கும் பொறுப்பை அமைச்சரவையிடம் ஒப்படைத்தது. தேவைப்பட்டால் வெளிநாட்டிலிருந்தும் இயங்கலாம் என்பதே அந்த ஒப்படைப்பின் பொருள். பட்டா கைநழுவாமல் பார்த்துக்கொண்டார்கள்.

அதே மாலை, நாடாளுமன்றத் தேர்தலில் ஒரு இடம்கூட வென்றிராத நாஸ்யோனால் சாம்லிங் கட்சியின் தலைவர் விட்குன் குவிஸ்லிங் வானொலி நிலையத்துக்குப் போய்த் தன்னைப் பிரதமர் என்று அறிவித்துக்கொண்டார். அவர் பெயரே பின்னால் பல ஐரோப்பிய மொழிகளில் 'துரோகி' என்பதற்கான சொல்லாகிவிட்டது. மறுநாள் ஜெர்மன் தூதர் அரசரைச் சந்தித்து, குவிஸ்லிங்கை ஏற்கும்படி கேட்டார். அரசர் மறுத்தார்.

ஆஸ்லோவில் இப்போது அரசர் இல்லை, அமைச்சரவை இல்லை, நாடாளுமன்றம் இல்லை. அரசியல் சட்டத்தின் மூன்று தூண்களில் தலைநகரில் மிச்சம் இருந்தது ஒன்றுதான், உச்ச நீதிமன்றம். அதனால்தான் எல்லோருடைய பார்வையும் பெர்க் மேல் விழுந்தது. அவர் ஜெர்மானியரோடு பேசினார். ஏப்ரல் 15-ல் உச்ச நீதிமன்றம் ஒரு நிர்வாகக் குழுவை நியமித்தது; ஆஸ்லோ பகுதி ஆளுநர் இங்கோல்ஃப் கிறிஸ்டென்சன் அதன் தலைவரானார். குவிஸ்லிங் ஒதுங்கினார்.

பெர்க்கின் கணக்கு இது: ஆக்கிரமிக்கப்பட்ட பகுதிகளில் பால் வரவேண்டும், சம்பளம் போகவேண்டும், மருத்துவமனைகள் நடக்கவேண்டும். அதற்கு ஒரு நிர்வாகம் வேண்டும். ஆனால் அது அரசாங்கம் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. அரசரின் அமைச்சரவைக்கு மாற்றாகவும் நிற்கக் கூடாது. 43-வது பிரிவின் நோக்கில் பார்த்தால் இது தவறில்லை.

ஆனால் விலை இருந்தது. பெர்க் வானொலியில் பேசும்போது, விலகிக்கொண்டதற்காகக் குவிஸ்லிங்குக்கு நன்றி சொன்னார். வடக்கில் நார்வே வீரர்கள் இன்னும் சண்டையிட்டுச் செத்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. அந்தச் சொற்கள் பலருக்குக் கசந்தன. அவர் செய்தது தேவைதானா என்று நார்வேயில் இன்றும் வாதிடுகிறார்கள். என் கருத்தில், குவிஸ்லிங்கை ஒரு வாரத்துக்குள் இறக்கியது உண்மையான ஆதாயம். நன்றி சொன்னது உண்மையான சறுக்கல். இரண்டையும் ஒருசேர ஏற்றுக்கொள்ளாமல் இந்த மனிதரைப் புரிந்துகொள்ள முடியாது.

ஜெர்மானியருக்கும் அது போதவில்லை. அவர்களுக்கு வேண்டியிருந்தது அரசரை ஒதுக்கிய ஒரு அரசாங்கம். ஏப்ரல் 24-ல் ஹிட்லர், யோசெஃப் டெர்போஃபன் என்ற நாஜிக் கட்சிக்காரரைத் தன் நேரடிப் பிரதிநிதியாக நார்வேக்கு நியமித்தார். ஜூன் 7-ல் அரசரும் அமைச்சரவையும் ட்ரோம்ஸோவிலிருந்து கப்பலேறி பிரிட்டனுக்குப் போனார்கள். ஜூன் 10-ல் நார்வேக்குள் நடந்த போர் முடிந்தது. கோடை முழுவதும் ஜெர்மானியர் நெருக்கினார்கள். நாடாளுமன்றத் தலைவர்களே அரசரைப் பதவி விலகும்படி கடிதம் எழுதும் அளவுக்கு அந்த நெருக்கடி முற்றியது. ஜூலையில் அரசர் லண்டனிலிருந்து மறுத்தார். அந்த மறுப்பு பி.பி.சி. வழியாக நார்வேயின் வீடுகளுக்குள் வந்தது.

செப்டம்பர் 25 அன்று டெர்போஃபன் திரையை விலக்கினார். அரசகுலம் நீக்கப்பட்டது என்றார். குவிஸ்லிங் கட்சியைத் தவிர எல்லாக் கட்சிகளையும் கலைத்தார். நிர்வாகக் குழுவைக் கழற்றிவிட்டுத் தன் ஆட்களை அமைச்சர்களாக்கினார். பெர்க் ஏப்ரலில் கட்டிய பாலம் ஐந்தரை மாதம்கூட நிற்கவில்லை.

ஒரு நீதிபதியின் வேலை என்ன?

இங்கேதான் கருத்தின் மையம் வருகிறது, நிதானமாகப் பார்ப்போம்.

நார்வேயின் அரசியல் சட்டம் 1814 மே 17-ல் ஐட்ஸ்வோல் என்ற ஊரில் உருவானது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஒரு அதிகாரத்தைப் பழக்கத்தில் கொண்டுவந்துவிட்டது: ஒரு சட்டம் அரசியல் சட்டத்துக்கு முரணாக இருந்தால் அதைப் பயன்படுத்த மறுக்கலாம். இதை நாம் நீதிப் புனராய்வு என்கிறோம். ஐரோப்பாவில் இந்த வழக்கம் இவ்வளவு சீக்கிரம் வேரூன்றிய நாடுகள் மிகக் குறைவு.

புனராய்வு இல்லாத நீதிபதி எப்படி இருப்பார்? மேலேயிருந்து ஒரு காகிதம் வரும். அதில் முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பார், அதன்படி தீர்ப்பெழுதுவார். முத்திரை போட்டவருக்கு அந்த அதிகாரம் உண்டா என்ற கேள்வி அவர் வேலையில் சேராது. புனராய்வு உள்ள நீதிபதிக்கு அந்தக் கேள்விதான் முதல் வேலை. ஆக்கிரமிப்புக் காலத்தில் அந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. அரசியல் சட்டத்தோடு கூடவே, ஆக்கிரமித்தவனுக்கு ஹேக் விதிகள் கொடுத்த எல்லையையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

1940 நவம்பரில் ஓர் ஆணை வந்தது. நீதிமன்றங்களில் உட்காரும் பொதுமக்கள் பிரதிநிதிகளை, அதாவது நடுவர்களையும் துணை நீதிபதிகளையும், நீக்கவும் நியமிக்கவும் நீதித்துறை அமைச்சருக்கு அதிகாரம் கொடுத்தது அது. அமைச்சர், குவிஸ்லிங் கட்சியின் ஸ்வெர்ரெ ரீஸ்னஸ். அரசு ஊழியர்களின் ஓய்வு வயதை 65 ஆகக் குறைக்கும் ஏற்பாடும் வந்தது. பெர்க்குக்கு அப்போது வயது 67. யாரைக் குறிவைத்தது என்று விளக்க வேண்டியதில்லை.

உச்ச நீதிமன்றம் எதிர்ப்புத் தெரிவித்து எழுதியது. டிசம்பர் 3-ல் டெர்போஃபன் பதில் அனுப்பினார்: தானோ தன் அமைச்சர்களோ இடும் ஆணைகள் செல்லுமா செல்லாதா என்று சொல்ல எந்த நீதிமன்றத்துக்கும் அதிகாரம் இல்லை.

இந்த ஒரு வரியில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. டெர்போஃபன் இங்கே ஒரு குறிப்பிட்ட வழக்கில் ஒரு குறிப்பிட்ட தீர்ப்பைக் கேட்கவில்லை. நீதிபதி என்ற பதவிக்குள் இருந்த பொருளையே எடுத்துவிடச் சொன்னார். கட்டடம் இருக்கலாம், அங்கி இருக்கலாம், சம்பளமும் வரலாம். கேள்வி மட்டும் இருக்கக் கூடாது.

டிசம்பர் 12 தேதியிட்ட கடிதத்தில் நீதிபதிகள் பதில் சொன்னார்கள். அதன் சாரம் இது: நீதிமன்றங்களின் அதிகாரம் பற்றி உங்கள் கடிதம் கூறும் கருத்தை ஏற்றால், நார்வே உச்ச நீதிமன்ற நீதிபதிகளாக எங்களுக்குள்ள கடமைக்கு எதிராக நடந்தவர்களாவோம், எனவே பதவியில் தொடர இயலாது.

அதில் வீர வசனம் இல்லை. நாஜிகளைத் திட்டும் ஒரு சொல்லும் இல்லை. வழக்கறிஞர் நோட்டீஸ் போலவே இருக்கிறது. ஏப்ரலில் நன்றி சொன்ன அதே மனிதரின் தலைமையில் வந்த கடிதம் இது என்பதை நினைக்கும்போது எனக்கு அதன் மேல் மரியாதை கூடுகிறது. ஏப்ரலில் அவர் நிர்வாக வசதிகளில் விட்டுக்கொடுத்தார். டிசம்பரில் கேட்கப்பட்டது விட்டுக்கொடுத்தால் வேறு எதுவும் மிஞ்சாத ஒன்று. இரண்டுக்கும் இடையே உள்ள கோட்டை அவர் அடையாளம் கண்டுகொண்டார்.

விலகினால் யாருக்கு லாபம்?

இந்தக் கதையைச் சொன்னால் பெரும்பாலும் வரும் கேள்வி இதுதான். நல்லவர்கள் நாற்காலியை விட்டுப் போனால் கெட்டவர்கள் வந்து உட்கார மாட்டார்களா? வந்தார்கள். டெர்போஃபனும் ரீஸ்னஸும் தங்கள் ஆட்களை வைத்து ஒரு உச்ச நீதிமன்றத்தை நிரப்பினார்கள். ஆனால் பெரும்பாலான வழக்கறிஞர்கள் அதன் பக்கம் போகவில்லை. வாதாட ஆள் இல்லாத மன்றம் வெறும் அறைதான்.

கீழ் நீதிமன்றங்களின் கதை வேறு. அங்கே நீதிபதிகள் பெரும்பாலும் தொடர்ந்தார்கள். அடமானம், விவாகரத்து, திருட்டு என்று அன்றாட வழக்குகள் நிற்கவில்லை. அதைப் பொதுவாகத் துரோகம் என்று சொல்வதில்லை. ஆக, எல்லோரும் எழுந்துபோக வேண்டும் என்பதல்ல இங்கே விதி. எந்த நாற்காலி தன் இருப்பாலேயே ஆக்கிரமிப்புக்குச் சட்டத்தின் சாயம் பூசுகிறதோ, அந்த நாற்காலியைக் காலி செய்வது. உச்ச நீதிமன்றம் ஒரு ஆணையைப் பயன்படுத்தித் தீர்ப்புச் சொல்லிவிட்டால் அது சாதாரண மனிதனின் மனத்தில் சட்டமாகிவிடும். அந்தச் சாயம் இனி கிடைக்காது என்பதுதான் டிசம்பர் கடிதத்தின் விளைவு.

இன்னொரு விளைவு நீதிபதிகளே எதிர்பார்த்ததைவிடப் பெரியதாக இருந்திருக்கலாம். 1941 தொடக்கத்தில் பிஷப் ஐவின்ட் பெர்க்ராவ் தலைமையில் திருச்சபை ஆயர்கள் ஒரு சுற்றறிக்கை வெளியிட்டார்கள். குவிஸ்லிங் கட்சி அடியாட்களின் வன்முறையோடு, உச்ச நீதிமன்றம் விலக நேர்ந்ததையும் அது எடுத்துச் சொன்னது. மே மாதத்தில் 43 அமைப்புகள் ஒன்றாக டெர்போஃபனுக்கு எதிர்ப்புக் கடிதம் எழுதின. 1942-ல் ஆசிரியர்களின் முறை. குவிஸ்லிங்கின் புதிய ஆசிரியர் சங்கத்தில் சேர மாட்டோம் என்று ஆயிரக்கணக்கான ஆசிரியர்கள் ஒரே வாசகத்தைத் தனித்தனியே கையெழுத்திட்டு அனுப்பினார்கள். சுமார் 1,100 ஆசிரியர்கள் கைதானார்கள். அவர்களில் ஐந்நூறுக்கு மேற்பட்டோர் வடகோடியில் உள்ள கிர்கெனெஸுக்குக் கட்டாய வேலைக்கு அனுப்பப்பட்டார்கள். ஆனாலும் அந்தச் சங்கம் எழவேயில்லை. அந்த ஆண்டு முடிவதற்குள் அவர்களை விடுவிக்க வேண்டியதாயிற்று.

இந்த எதிர்ப்புகள் எல்லாவற்றிலும் ஒரே வடிவம் தெரிகிறது: என் தொழிலின் கடமை இது, அதற்கு எதிரானதைச் செய்ய மாட்டேன். அந்த வடிவத்துக்கு முதல் அச்சு வார்த்தவர்கள் நீதிபதிகள்.

வட்டம்

பதவியை விட்டதும் பெர்க் வீட்டில் உட்காரவில்லை. 1941-ல் ஆஸ்லோவில் ஒரு ரகசியக் குழு உருவானது. பெயர் 'கிரெட்சன்', தமிழில் 'வட்டம்' என்று பொருள். பெர்க் அதன் தலைவர். அவரோடு உச்ச நீதிமன்றத்திலிருந்து விலகிய ஃபெர்டினான்ட் ஷெல்டெரூப், பொருளியலாளர் குன்னார் யான் போன்றவர்கள் இருந்தார்கள். லண்டனில் இருந்த அரசாங்கத்துக்கும் நாட்டுக்குள் இருந்த இயக்கத்துக்கும் பாலம் இந்த வட்டம். இன்னொரு குழு தொழில் அமைப்புகளின் எதிர்ப்பை ஒருங்கிணைத்தது. ஆயுதப் பிரிவான மில்லோர்க் தனியாக வளர்ந்தது. அதன் தலைவரும் ஒரு சட்டத்தரணிதான். யென்ஸ் கிறிஸ்டியான் ஹௌகே, 1915-ல் பிறந்தவர், பெர்க்குக்குப் பேரன் வயது என்றுகூடச் சொல்லலாம். போர் முடிந்த கையோடு, முப்பது வயதில், பாதுகாப்பு அமைச்சரானார்.

இந்த வேலை எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு ஒரு பெயர் போதும். விக்கோ ஹான்ஸ்டீன், தொழிற்சங்கக் கூட்டமைப்பின் வழக்கறிஞர், கம்யூனிஸ்ட். 1941 செப்டம்பரில் ஆஸ்லோ ஆலைகளில் தொழிலாளருக்குக் கொடுத்துவந்த பால் நிறுத்தப்பட்டதை எதிர்த்து வேலைநிறுத்தம் வெடித்தது. அவசர நிலையை அறிவித்த டெர்போஃபன், செப்டம்பர் 10 அன்று ஹான்ஸ்டீனையும் ரோல்ஃப் விக்ஸ்ட்ரோம் என்ற தொழிற்சங்கத் தலைவரையும் சுட்டுக்கொல்ல வைத்தார். ஹான்ஸ்டீன் அந்த வேலைநிறுத்தத்துக்கு எதிராகவே ஆலோசனை சொன்னவர்.

தலைமறைவுத் தலைமையின் முக்கியக் கருவி 'பரோலெ'. அது மக்களுக்குத் தரும் சிறு வழிகாட்டுதல்: இந்தப் படிவத்தில் கையெழுத்திடாதே, அந்தச் சங்கத்துக்குச் சந்தா கட்டாதே. 1941-லேயே வானொலிப் பெட்டிகளைப் பறித்துவிட்டார்கள். அதனால் இவை ரகசியச் செய்தித்தாள்கள் வழியாகவும் வாய்வழியாகவும் பரவின. 1944-ல் குறிப்பிட்ட மூன்று ஆண்டுகளில் பிறந்த இளைஞர்களைக் கட்டாய உழைப்புச் சேவைக்குப் பதிவு செய்ய அழைத்தபோது, போகாதீர்கள் என்ற பரோலெ வந்தது. பையன்கள் ஆயிரக்கணக்கில் காடுகளுக்குள் போனார்கள். ஒரு விலகல் கடிதத்தில் தொடங்கியது நான்கு ஆண்டுகளில் காடுவரை வந்துவிட்டது.

1945 மே, அதன் பிறகு

போர் முடியும் தறுவாயில் இந்தக் குழுக்களெல்லாம் 'உள்நாட்டு முன்னணித் தலைமை' என்ற ஒரே குடையின்கீழ் வந்திருந்தன. தலைவர் பெர்க். மே 8 அன்று ஜெர்மனி சரணடைந்தபோது நார்வேக்குள் ஏறத்தாழ மூன்றரை லட்சம் ஜெர்மன் வீரர்கள் ஆயுதத்தோடு இருந்தார்கள். மில்லோர்க்கில் சுமார் 40,000 பேர். ரத்த ஆறு ஓடியிருக்க வேண்டிய கணக்கு அது. ஒழுங்கைக் காக்கும்படி தலைமை கேட்டுக்கொண்டது. கைமாற்றம் பெரும்பாலும் அமைதியாக நடந்தது. டெர்போஃபன் அன்றிரவே வெடி வைத்துத் தன்னை மாய்த்துக்கொண்டார். மறுநாள் குவிஸ்லிங் கைதானார். ஜூன் 7-ல், நாட்டைவிட்டுப் போன அதே நாளில், ஐந்து ஆண்டுகள் கழித்து அரசர் திரும்பினார்.

அரசாங்கம் அமைக்கும் பொறுப்பு முதலில் பெர்க்கிடம்தான் வந்தது. கட்சிகளின் ஒப்புதல் கிடைக்கவில்லை. வதைமுகாமிலிருந்து மீண்டிருந்த தொழிலாளர் கட்சித் தலைவர் ஐனார் கெர்ஹார்ட்சன் பிரதமரானார். பெர்க் தன் பழைய நாற்காலிக்கே திரும்பி, 1946-ல் ஓய்வு பெற்றார். 1968-ல் காலமானபோது அவருக்கு 95 வயது.

திரும்பி வந்த நீதிமன்றத்தின் மேசையில் காத்திருந்தது எளிய வேலையல்ல. நார்வே தன் பொதுக் குற்றச் சட்டத்திலிருந்து மரண தண்டனையை 1902-லேயே எடுத்துவிட்ட நாடு. ராணுவச் சட்டத்தில் மட்டும் அது போர்க்காலத்துக்கென்று இருந்தது. போர் முடிந்த பிறகும் அதை நிறைவேற்றலாம் என்று லண்டன் அரசாங்கம் 1941-ல் ஓர் ஆணை பிறப்பித்திருந்தது. துரோகிகளைத் தண்டிக்கவும் புதிய ஆணைகள் வந்திருந்தன. ஆனால் 1814 அரசியல் சட்டத்தின் 97-வது பிரிவு, எந்தச் சட்டமும் முன்தேதியிட்டுச் செல்லாது என்கிறது. டெர்போஃபனின் ஆணைகளிடம் கேட்ட அதே கேள்வியை இப்போது சொந்த அரசாங்கத்தின் ஆணைகளிடமும் கேட்க வேண்டியிருந்தது.

கைதிகளைச் சித்திரவதை செய்த கெஸ்டபோ (நாஜி ரகசியப் போலீஸ்) ஆள் கிளிங்கெயின் வழக்கு 1946 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது நீதிபதிகள் பிளவுபட்டார்கள். அவன் செய்தது செய்த அன்றே சர்வதேசப் போர் விதிகளின்படி கொடுங்குற்றம்தான், ஆகவே கடுமையான தண்டனை 97-ஐ மீறாது என்றது பெரும்பான்மை. சிறுபான்மை நீதிபதிகள் அதை ஏற்காமல் மாற்றுத் தீர்ப்பு எழுதினார்கள். போருக்குப் பிந்தைய வழக்குகளில் குவிஸ்லிங் உட்பட மொத்தம் 37 பேருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. சட்டப்படி அது சரிதானா என்ற வாதம் நார்வேயில் அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் நடந்தது. மாற்றுத் தீர்ப்புகளை இன்றும் எடுத்துப் படிக்கலாம்.